ஸ்டுட்கார்ட்டில் என் பெயர் ஒட்டிய தபால் பெட்டி

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவிலிருந்து மட்டும் கடந்த சில வருடங்களில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறிவிட்டார்கள். இரண்டு வீடு கனடா, ஒரு வீடு ஆஸ்திரேலியா, என் மகளையும் சேர்த்து இரண்டு வீடு ஜெர்மனி. மாலையில் ஏரிக்கரையில் நடக்க வரும் பெரியவர்கள் சேர்ந்தால் இதுதான் பேச்சு. குளிர் எப்படி, சம்பளம் ரூபாயில் எவ்வளவு வரும், சொந்த வீடு வாங்கியாயிற்றா? நானும் மகளிடம் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு வருடம் அக்டோபரில் கிளம்பி, டிசம்பர் கடைசி வரை ஸ்டுட்கார்ட்டில் அவள் வீட்டில் தங்கினேன். புதிதாகக் குடியேறியவர்களின் அன்றாட வாழ்க்கை இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்காது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும், கிளம்பத் தயாராகும் இளையவர்களுக்கும் உதவும் என்று பார்த்ததையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

பெங்களூருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் உறவு பழையது. ஆடுகோடியில் மைக்கோ தொழிற்சாலை 1950-களில் வந்தது. அதன் தாய் நிறுவனமான பாஷ், ஸ்டுட்கார்ட் வட்டாரத்துக் கம்பெனி. ஆனால் அந்தக் காலத்தில் பயிற்சிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். இப்போது போகிறவர்கள் அங்கேயே இருக்கப் போகிறார்கள். ஜெர்மனியில் வேலைக்கு ஆள் போதவில்லை, வயதானவர்கள் பெருகிவிட்டார்கள். திறன் படைத்த வெளிநாட்டவரை அழைப்பதற்கான புதிய சட்டம் அங்கே 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, 2023-இல் இன்னும் தளர்த்தப்பட்டது. இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை வருடத்துக்கு 20,000-லிருந்து 90,000 வரை உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அந்த அரசு அறிவித்தது. அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களிலும் இப்போது இந்தியர்கள்தான் அதிகம், 2023-24 கல்வியாண்டிலேயே ஏறத்தாழ 49,000 பேர். கதவு திறந்திருக்கிறது, சரி. உள்ளே போன பிறகு முதல் வருடம் எப்படிப் போகிறது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

முதல் வருடம் காகிதத்தால் ஆனது. ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு அன்மெல்டுங் என்று பெயர். அங்கே உள்ள நம் ஆட்கள் வாயில் ஒரு நாளைக்குப் பத்து முறை வரும் சொல் இது. பதிவதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். பதிந்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும், அது ஆயுளுக்கும் ஒரே எண். அந்த எண் கம்பெனிக்குப் போய்ச் சேராவிட்டால், முதல் சம்பளத்தில் இருப்பதிலேயே அதிகமான ஆறாம் வகுப்பு வரியைப் பிடித்துவிடக்கூடும். பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கையில் காசு தேவைப்படுவது அந்த முதல் மாதத்தில்தானே! நிரந்தரமாக ஒரு வீடு பிடிக்கலாம் என்றால் சம்பளச் சீட்டு கேட்பார்கள், ஷூஃபா என்ற கடன் வரலாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள். வந்து மூன்று வாரம் ஆனவருக்கு ஏது வரலாறு? ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கேட்கிற சங்கிலி இது. முதல் சில மாதங்களுக்கு, முகவரி பதிய அனுமதிக்கும் ஒரு தற்காலிக வீட்டை இங்கிருந்தே பேசி வைத்துக்கொண்டு போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறார்கள். தற்காலிக வீடு கொடுக்கிற எல்லோரும் பதிய விடுவதில்லை என்பதால், பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் நம் தமிழ்ப் பெயர்கள் படும் பாடு தனி. அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெருவும் கட்டட எண்ணும்தான் முகவரி. கீழே வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் யார் பெயர் ஒட்டியிருக்கிறதோ அவர்களுக்குத்தான் தபால். பெயர் இல்லையென்றால் தபால் திரும்பிப் போய்விடும். நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரைப் போடுகிறோம். அதனால் என் மருமகனுக்குக் குடும்பப் பெயர் அவர் அப்பாவின் பெயர். என் மகளுக்கு என் பெயர். பேத்திக்கு என் மருமகனின் பெயர். மூன்று பேர் உள்ள வீட்டில் மூன்று குடும்பப் பெயர்! வீடு எடுத்தவர் மருமகன் என்பதால் பெட்டியில் அவர் அப்பா பெயர் மட்டும் இருந்திருக்கிறது. மகளுக்கு வர வேண்டிய மருத்துவக் காப்பீட்டு அட்டை, அப்படி ஒருவர் இந்தக் கட்டடத்தில் இல்லை என்று திரும்பிப் போனது. எங்கே தவறு என்று கண்டுபிடிக்கவே ஐந்து வாரம் ஆயிற்று. குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போனபோதும் இதே கேள்விதான்: இது உங்கள் குழந்தைதானா, பெயர் ஒத்துப்போகவில்லையே? அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஜெர்மனில் பெயர்த்து வாங்கிய பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கின்றன. அந்தத் தபால் பெட்டியில் இப்போது மூன்று பெயர்கள். நடுவில் இருப்பது என்னுடையது. பல் மருத்துவரின் வரவேற்பறையில் மகளை என் பெயர் சொல்லி, திருமதி என்பதற்கான "ஃப்ராவ்" போட்டு அழைத்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் என் தோளைத் தொட்டு உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தபாலை அலட்சியமாக விடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நாம் தபாலை மறந்தே விட்டோம். அங்கே அரசு, வங்கி, காப்பீடு எல்லாம் இன்னும் காகிதக் கடிதத்தில்தான் பேசுகின்றன, அதுவும் ஜெர்மன் மொழியில். பொது ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒன்று உண்டு. வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஏதோ விளம்பரம் என்று நினைத்து அந்தக் கடிதத்தை ஓரமாகப் போட்டுவிட்டு, பின்னால் நிலுவையும் அபராதமுமாகச் சேர்த்துக் கட்டியவர்கள் பலர்.

இன்னொரு சொல் டெர்மின். முன்பதிவு செய்த நேரம் என்று பொருள். தங்கும் அனுமதியை நீட்டிக்க அயல்நாட்டவர் அலுவலகத்துக்கு டெர்மின், வங்கிக்கு டெர்மின், தோல் மருத்துவருக்கு டெர்மின். சிறப்பு மருத்துவரைப் பார்க்கச் சில மாதங்கள் காத்திருப்பது சாதாரணம். பேத்திக்கு இருமல் வந்தபோது குழந்தை மருத்துவர் மார்பைப் பரிசோதித்துவிட்டு, நிறைய வெந்நீர் கொடுங்கள், ஓய்வு எடுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். பெங்களூரிலிருந்து என் மனைவி போனில் "ஒரு மருந்துகூட எழுதித் தரவில்லையா?" என்று அழாத குறை. எனக்கும் மனசு ஆறவில்லை. ஆறு நாளில் இருமல் தானாகவே போயிற்று. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுதாதது அங்கே நல்ல மருத்துவம். நமக்கு அது பழகக் கொஞ்ச நாள் ஆகும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரவு நேரத்தில் அவசரம், ஆனால் ஆபத்தில்லை என்றால் 116117. இந்த இரண்டு எண்களையும் மகள் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் நம் வழக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. தனி ஆளாக இருந்தால் மொத்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியாகவும் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்ற பிடித்தங்களாகவும் போய்விடும். வீட்டு முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். பல வாடகை வீடுகளில் சமையலறை வெறும் சுவராக இருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, அலமாரி எல்லாம் நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். கிடைப்பதும் சின்னது அல்ல. அரசுக் காப்பீட்டில் சம்பாதிக்காத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கூடுதல் கட்டணம் இல்லை. வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆகிவிட்டால், உடம்பு சரியில்லாமல் போகும்போது ஆறு வாரம் வரை முழுச் சம்பளம். ஆகவே வங்கிக் கணக்கில் மிஞ்சுவதை மட்டும் வைத்து "அங்கே போய் என்ன சேர்த்தாய்?" என்று கேட்பது நியாயமில்லை.

துணையாகப் போனவர்

நான் அதிகம் யோசித்தது என் மகளைப் பற்றித்தான். அவள் இங்கே எட்டு வருடம் மென்பொருள் வேலை பார்த்தவள். மருமகனுக்கு நீல அட்டை எனப்படும் ப்ளூ கார்டு அனுமதி, படித்த திறன் பணியாளர்களுக்குக் கொடுப்பது. அந்த அனுமதியில் போகிறவரின் மனைவியோ கணவரோ முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கலாம். மற்ற பல விசாக்களில் துணையாகப் போகிறவர் ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜெர்மன் தேர்வு எழுதித் தேற வேண்டும். ப்ளூ கார்டு குடும்பத்துக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. இதை ஒரு சலுகை என்று நினைத்துத்தான் நாங்கள் சந்தோஷப்பட்டோம். போய்ப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. அந்தச் சலுகையை நம்பி மொழி கற்காமல் போகிறவர்தான் அதிகம் தவிக்கிறார்.

கணவருக்கு அலுவலகம் இருக்கிறது. அங்கே ஆங்கிலம் போதும், மதியம் சேர்ந்து சாப்பிட நாலு பேர் இருக்கிறார்கள். துணையாகப் போனவருக்குக் கடையில், பள்ளியில், மாடிப்படியில், எல்லா இடத்திலும் ஜெர்மன்தான். வேலைக்கு விண்ணப்பித்தால், ஏ1-ஐவிட மூன்று படி மேலான பி2 நிலை ஜெர்மன் கேட்கிறார்கள். டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். குழந்தை பள்ளியிலிருந்து வந்து, கணவர் வந்து சேரும் வரை அவள் குரலைக் கேட்க யாரும் இல்லை. "அப்பா, இங்க நான் யாருன்னு யாருக்கும் தெரியாது. பெங்களூர்ல மீட்டிங்ல நான் பேசினா பத்துப் பேர் கேட்பாங்க. இங்க பேக்கரியில ரொட்டி கேட்கறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள மூணு தடவை ஒத்திகை பார்க்கறேன்" என்று ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். போனில் ஒன்றரை வருடம் பேசியபோது ஒருமுறைகூடச் சொல்லாத விஷயம் இது. எங்களுக்குக் கவலை வரக் கூடாது என்று மறைத்திருக்கிறாள்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இன்னொரு மொழிக்காரர் ஊரில் வாழ்வது புதிதில்லை என்று நாம் பெருமையாக நினைக்கிறோம். 1809-இல் இங்கே கன்டோன்மென்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பு உருவான பிறகு, வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்தும் மற்ற தமிழ் ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். மார்க்கெட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சிவாஜிநகர் போனால் உருது என்று காதால் கேட்டே பழகினோம். தப்பாகப் பேசினாலும் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொன்னால் காரியம் நடக்கும். இந்தப் பழக்கம் ஜெர்மனியில் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கிறது. அங்கே மொழி அளக்கப்படுகிறது. ஏ1, ஏ2, பி1 என்று படிகள், ஒவ்வொன்றுக்கும் தேர்வு, சான்றிதழ். ப்ளூ கார்டு வைத்திருப்பவருக்கு ஏ1 இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர அனுமதி, பி1 இருந்தால் 21 மாதத்திலேயே. 2024 ஜூன் முதல் ஐந்து வருடத்தில் குடியுரிமை கேட்கலாம், அதற்கும் பி1 வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கான அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு மட்டும் 45 நிமிடப் பாட வேளைகள் 600. சமைத்து, குழந்தையைக் கொண்டுபோய் விட்டு, கூட்டி வந்து, நடுவில் கிடைக்கும் நேரத்தில் 600 பாட வேளை என்றால் எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் தெருவில் யாராவது கிளம்புகிறார்கள் என்றால் இப்போது நான் சொல்வது ஒன்றுதான். இந்திராநகர் சி.எம்.எச். ரோட்டில் மேக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, அல்சூரிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். வேலை கிடைத்தவரைவிட, கூடப் போகிறவர் அங்கேயோ வேறு எங்கேயோ சேர்ந்து பி1 வரை படித்துவிட்டுப் போகட்டும். ஆறு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை. விசாவுக்குத் தேவையில்லை என்பதால் விட்டுவிடாதீர்கள்.

மாடிப்படியும் கறிவேப்பிலையும்

ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியா வட்டாரத்தில் கேர்வோக்கெ என்று பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. கூட்டும் வாரம் என்று பொருள். கட்டடத்தின் மாடிப்படியையும் முன்பக்கத்தையும் ஒவ்வொரு வாரம் ஒரு வீட்டார் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். வேலை முடிந்ததும் அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். மகள் போன புதிதில் இதைப் புரிந்துகொள்ளாமல் பலகையை அலங்காரப் பொருள் என்று விட்டுவிட்டாளாம். மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பாட்டி துடைப்பத்தோடு வந்து நின்றிருக்கிறார். மகள் பயந்துபோயிருக்கிறாள். பாட்டி திட்டவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் எந்தப் படியிலிருந்து எந்தப் படி வரை என்று காட்டியிருக்கிறார். மகளின் முதல் ஜெர்மன் ஆசிரியை அந்தப் பாட்டிதான். இங்கே வாசல் கூட்ட ஆள் வைத்திருந்தவள், அங்கே சனிக்கிழமை காலை மண்டியிட்டு படி துடைப்பதைப் பார்க்க முதலில் எனக்குக் கஷ்டமாக இருந்தது. துடைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்த பிறகு அந்தக் கஷ்டம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேலும், ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மிக்ஸி போடும் வேலையை மகள் சனிக்கிழமையே முடித்துக்கொள்கிறாள். குப்பையைக் காகிதம், உணவுக் கழிவு, பொட்டலம், மீதி என்று பிரிப்பது பெங்களூர்க்காரர்களுக்கு ஓரளவு பழக்கம்தான். கண்ணாடிப் பாட்டிலை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரித்துப் போடுவது மட்டும் புதிது. குளிரில் இட்லி மாவு பொங்காது, அடுப்புப் பெட்டிக்குள் விளக்கைப் போட்டு வைக்க வேண்டும்.

இங்கிருந்து போகும் பெற்றோர் பெட்டியில் நெய்யும் பால்கோவாவும் திணிக்காதீர்கள். பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பழங்களிலும் தாவரங்களிலும் சான்றிதழ் இல்லாமல் அனுமதிப்பது தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் என்ற ஐந்து பழங்களைத்தான். கறிவேப்பிலைக்கு அங்கே ஈழத் தமிழர் கடைகள் இருக்கின்றன.

இந்தக் கடைகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடி வந்தவர்கள் அவர்கள். விசா, சம்பளம், விமான டிக்கெட் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு போகும் நம் பிள்ளைகளின் முதல் வருடமே இவ்வளவு கடினம் என்றால், அகதி முகாமில் தொடங்கிய அவர்களின் முதல் வருடம் எப்படி இருந்திருக்கும்! அவர்கள் போட்ட பாதையில்தான் இன்று பெங்களூர்த் தமிழர்களும் நடக்கிறார்கள். முருங்கைக்காயும் சிவப்பரிசியும் கிடைப்பது அவர்களால். ஹாம் நகரத்தில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் எழுந்ததும் அவர்களால்தான். கோடையில் அங்கே நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அவர்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் என் பேத்தி சேர்ந்திருக்கிறாள். என் மகள் பெங்களூரில் பிறந்து, ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் பள்ளியில் படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் விட்டுப்போன தமிழ் எழுத்தை ஜெர்மனியில் ஓர் ஈழத்து ஆசிரியை பேத்திக்குச் சொல்லித் தருகிறார். அவள் என்னிடம் "தாத்தா, வாங்கோ கதைப்பம்" என்கிறாள். அந்தச் சொல்லைத் திருத்த வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

மனசை உறுத்தும் ஒன்றையும் எழுத வேண்டும். 2025 பிப்ரவரித் தேர்தலில் குடியேற்றத்தைக் கடுமையாக எதிர்க்கும் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. ரயிலில் பேசும்போது மகள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்ட நாட்களில், நாங்கள் பஸ்ஸில் வாய் திறக்காமல் உட்கார்ந்து வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் எங்களைத் தங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்துக்கொண்டதும் ஒரு கன்னடக் குடும்பம்தான். மகளுக்கு அந்தக் கீழ்வீட்டுப் பாட்டி இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெற்றோரும் கூடப் போய்த் தங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். 2024 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு முதன்முறையாக அனுமதி பெற்ற திறன் பணியாளர்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ளச் சட்டம் வழி தருகிறது. ஆனால் பெற்றோருக்கு முழு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும், அந்த வயதில் அது கிடைப்பது மிகக் கடினம். ஆகவே எங்களுக்கு மிஞ்சுவது போன்தான். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதுவரை மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆகிவிடும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்கள் மதியச் சாப்பாடு முடியும் நேரத்தில் அவளைக் கூப்பிடுகிறேன். சம்பளம், குளிர் எதையும் கேட்பதில்லை. இந்த வாரம் பலகை யார் கதவில் என்று கேட்பேன். கீழ்வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் வலி, அவர் முறையையும் சேர்த்து நானே செய்துவிட்டேன் என்று போன வாரம் சொன்னாள். பாட்டியிடம் எப்படிச் சொல்லிக் கேட்டாய் என்றேன். ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொல்லிக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.